சக்கரத்திற்குக் கட்டை போடுவது யார்?

சென்ற திங்கள் நம் சங்கத்தில் நடந்த சொற்போருக்கு வந்திருந்தவர்கள் அதனை இதற்குள் மறந்திருக்க மாட்டார்கள். "பந்தய ஓட்டுநரின் உயிருக்குப் பொறுப்பு அவரே" என்பது பொருள். ஒட்டிப் பேசியவர் நெல்லைச் சீமையிலிருந்து வந்து இங்கே பொருளாதாரம் பயிலும் நண்பர், நாவன்மை மிக்கவர். "தெரிந்தே கிணற்றில் குதிப்பவனுக்குக் கிணறு வெட்டியவனா பொறுப்பு?" என்று அவர் கேட்டபோது எழுந்த கையொலியில் சாளரக் கண்ணாடிகள் அதிர்ந்தன. வெட்டிப் பேசும் முறை எனக்கு. தொண்டையைச் செருமி, நடுவர் அவர்களையும் அவையோரையும் விளித்து முடிப்பதற்குள் எனக்கு அளித்த மூன்று நிமிடங்களில் ஒன்று போயிற்று. மீதி இரண்டில் நான் சொன்னது எவருக்கும் விளங்கவில்லை. மணி அடித்தார்கள். வாக்கெடுப்பில் தோற்றேன். மணி அடிக்காத இடம் நம் இதழ் ஒன்றே ஆதலின் இங்கே எழுதுகிறேன். ஆசிரியர் பொறுத்தருள்க.

நெல்லை நண்பரின் வாதத்தை முதலில் நேர்மையாக எடுத்து வைத்துவிடுகிறேன். பந்தயம் போர் அன்று. எவரையும் எவரும் கட்டாயப்படுத்தி வண்டியில் ஏற்றுவதில்லை. மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு அதன் முடிவு எப்படியும் ஆகலாம் என்பது தெரியும். அதற்கென்றே பெரும்பொருள் பெறுகிறார், புகழும் பெறுகிறார். ஆபத்தை நீக்கிவிட்டால் பந்தயத்தில் மிஞ்சுவது என்ன? இதுவே அவர் கூறியதன் சாரம். இதில் பாதி உண்மை என்பதை மறுக்க மாட்டேன். முழுப் பொய்யை வெல்வது எளிது. பாதி உண்மையை வெல்வதுதான் அரிது.

'தெரியும்' என்ற அந்த ஒரு சொல்லைச் சற்றே பிடித்து நிறுத்துவோம். ஓட்டுநருக்கு என்ன தெரியும்? தன் கையும் காலும் என்ன செய்யும் என்பது தெரியும். வளைவு தெரியும். எதிரியின் குணம் தெரியும். ஆனால் தடத்தின் ஓரத்தில் நிற்கும் தீயணைப்போனுக்குத் தீப்பிடிக்காத உடை கொடுத்திருக்கிறார்களா என்பது தெரியுமா? ஆம்புலன்ஸ் ஓட்டுபவனுக்கு மருத்துவமனைக்குப் போகும் வழி தெரியுமா என்பது தெரியுமா? இவை விளையாட்டுக்காக நான் கேட்கும் கேள்விகள் அல்ல. இரண்டும் நடந்தவை.

1966-ஆம் ஆண்டு ஜூன் திங்கள். பெல்ஜியம் நாட்டில் ஸ்பா என்னும் இடம். அக்காலத்தில் அந்தத் தடம் பதினான்கு கிலோமீட்டர் நீளமுள்ள ஊர்ப்பாதை. ஓரங்களில் வீடு, மரம், தந்திக்கம்பம் எல்லாம் உண்டு. பந்தயம் தொடங்கும்போது ஒரு பக்கம் காய்ந்திருந்தது. மறுபக்கத்தில் கொட்டும் மழை. முதல் சுற்றிலேயே ஏறத்தாழப் பாதி வண்டிகள் சறுக்கித் தடத்தை விட்டு வெளியேறின. அவற்றுள் ஒன்று ஸ்காத்லாந்து இளைஞர் ஜாக்கி ஸ்டூவர்ட்டின் வண்டி. அது பாதையை விட்டுப் பாய்ந்து ஒரு பண்ணைக் கட்டடத்தருகே நசுங்கிக் கிடந்தது. உள்ளே அவர். ஸ்டியரிங் சக்கரம் காலை அழுத்தியிருக்க, கிழிந்த தொட்டியிலிருந்து பெட்ரோல் அவர் உடம்பெல்லாம் ஊறிக்கொண்டிருந்தது. ஒரு பொறி போதும்!

அவரை மீட்க வந்தவர் யார்? பந்தயத்தை நடத்தியோரின் ஆட்களா? இல்லை. அதே மழையில் அருகே சறுக்கி நின்ற கிரகாம் ஹில், பாப் பாண்டூரண்ட் என்னும் இரு சக ஓட்டுநர்கள். ஸ்டியரிங் சக்கரத்தைக் கழற்ற அவர்களிடம் கருவி இல்லை. வேடிக்கை பார்க்க வந்த ஒருவரிடம் ஸ்பானர் கடன் வாங்கிக் கழற்றினார்கள். இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. பின்னர் மருத்துவ அறை என்று பெயர் பெற்ற ஓரிடத்தில் அவரைத் தரையில் கிடத்தினார்கள்; சுற்றிலும் புகைத்து எறிந்த சிகரெட் துண்டுகள். அங்கிருந்து மருத்துவமனைக்குப் புறப்பட்ட ஆம்புலன்ஸ், வழிகாட்டிச் சென்ற போலீசாரைத் தவறவிட்டு வழி தெரியாமல் அலைந்தது.

உலகத்தின் தலைசிறந்த பந்தயங்களுள் ஒன்று, நண்பர்களே! ஒரு ஸ்பானருக்கு வழியில்லை.

அன்றிலிருந்து ஸ்டூவர்ட் தம் வண்டியின் ஸ்டியரிங் தண்டில் ஒரு ஸ்பானரை ஒட்டி வைத்துக்கொண்டே ஓட்டினார். தமக்கென ஒரு மருத்துவரையும் உடன் அழைத்துச் சென்றார். அத்துடன் நில்லாமல், இடைவார் வேண்டும், முகம் மூடிய தலைக்கவசம் வேண்டும், தடத்தோரம் தடுப்பு வேண்டும், முறையான மருத்துவர் வேண்டும் என்று ஒவ்வொரு தடத்திலும் வாதாடினார். அதற்குக் கிடைத்த பரிசு என்ன? கோழை என்ற பட்டம். பந்தயத்தின் அழகைக் கெடுக்க வந்தவர் என்ற பழி. எழுதியவர்களுள் பலர் தடத்தில் ஒரு நாளும் வண்டி ஓட்டாதவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் 'கோழை' மூன்று முறை உலக வாகை சூடியவர். இருபத்தேழு பந்தயங்களில் முதல்வராக வந்தவர்.

இங்கே எனக்கு எங்கள் ஊர்த் தேர் நினைவுக்கு வருகிறது. வடம் பிடிப்பவர்களை எல்லாரும் பார்க்கிறோம். தேரின் சக்கரத்தருகே குனிந்து குனிந்து கட்டை போட்டுக்கொண்டே வருபவர்களைப் பார்ப்பவர் சிலரே. தேர் திரும்புவதும் நிற்பதும் வீட்டுத் திண்ணையில் ஏறாமல் இருப்பதும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன. ஆனால் மொழியில் நாம் அவர்களுக்குச் செய்திருக்கும் மரியாதையைப் பாருங்கள்! ஒரு நல்ல காரியத்தைக் கெடுப்பவனை 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்கிறோம். ஸ்டூவர்ட்டையும் அப்படித்தான் சொன்னார்கள்.

1968 ஏப்ரலில் ஜிம் கிளார்க் இறந்தார். இரண்டு முறை உலக வாகை சூடியவர். அக்காலத்து ஓட்டுநர்களுள் அவருக்கு நிகர் இல்லை என்பது அவரோடு ஓட்டியவர்களே ஒப்பிய செய்தி. ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் தடத்தில் வண்டி விலகி மரங்களில் மோதிற்று. தடத்துக்கும் மரங்களுக்கும் இடையே தடுப்பு ஏதும் இல்லை. திறமை குறைந்தவர்தாம் சாவார் என்று அதுவரை தமக்குத்தாமே ஆறுதல் சொல்லிக்கொண்டவர்கள் அன்று வாயடைத்துப் போனார்கள்.

ஆனால் என் உள்ளத்தை விட்டு அகலாதது 1973 ஜூலை 29. ஆலந்து நாட்டின் சான்ட்வூர்ட் தடம். அதே தடத்தில் 1970-இல் பியர்ஸ் கரேஜ் என்பவர் வண்டியோடு எரிந்து மாண்டிருந்தார். 1972-இல் அங்கே பந்தயம் நடைபெறவில்லை. தடத்தைத் திருத்தித் தடுப்புகள் அமைத்து 1973-இல் மீண்டும் திறந்தார்கள். ஆகவே 'பாதுகாப்புக்காக எதுவும் செய்யவில்லை' என்று சொல்ல இயலாது. செய்தார்கள். இரும்புக்குச் செலவு செய்தார்கள்.

ராஜர் வில்லியம்சன் இருபத்தைந்து வயது ஆங்கிலேய இளைஞர். அந்நிலைப் பந்தயத்தில் அவருக்கு அது இரண்டாவது. வண்டி தடுப்பில் மோதித் தலைகீழாகக் கவிழ்ந்து, உராய்ந்து சென்று தீப்பற்றியது. மோதலில் அவருக்குப் பெருங்காயம் இல்லை. வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டார். பின்னால் வந்த டேவிட் பர்லி என்னும் ஓட்டுநர் தம் பந்தயத்தை விட்டு வண்டியை நிறுத்தி, தடத்தைக் கடந்து ஓடினார். தனி ஒருவராக அந்த வண்டியைப் புரட்ட முயன்றார். முடியவில்லை. அருகே நின்ற பணியாளரிடமிருந்து தீயணைப்புக் கருவியைப் பறித்து அடித்தார். அது தீர்ந்து போயிற்று. மீண்டும் வண்டியைப் பிடித்துத் தூக்கினார். இரண்டு பேர், மூன்று பேர் கை கொடுத்திருந்தால் வண்டி புரண்டிருக்கும். பணியாளர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். அவர்களிடம் தீயை அணுகத்தக்க உடை இல்லை.

பிற வண்டிகள்? ஓடிக்கொண்டே இருந்தன. எரியும் வண்டியருகே ஒருவர் நிற்பதைக் கண்ட ஓட்டுநர்கள், 'வண்டிக்கு உரியவர் தப்பிவிட்டார்' என்று எண்ணிக்கொண்டு சுற்றுக்குச் சுற்று கடந்து போனார்கள். பந்தயம் நிறுத்தப்படவில்லை. தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பர்லி கையை விரித்துக்கொண்டு அங்கிருந்து நடந்து சென்ற காட்சியைத் தொலைக்காட்சி உலகெங்கும் காட்டியது. அவருடைய வீரத்துக்காகப் பிரிட்டன் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கிற்று. தக்க பெருமைதான். ஆனால் ஒருவருக்கு வீரப் பதக்கம் கொடுக்க நேர்கிற இடத்தில் வேறு யாரோ தம் கடமையைச் செய்யவில்லை என்று பொருள் கொள்வது தவறாகுமா?

அன்று வென்றவர் ஸ்டூவர்ட். அது அவருடைய இருபத்தாறாவது வெற்றி. கிளார்க்கின் இருபத்தைந்தைத் தாண்டிய வெற்றி. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் வாட்கின்ஸ் கிளென் தடத்தில் அவருடைய குழுத் தோழர் பிரான்சுவா செவர் மாண்டார். மறுநாள் நடக்கவிருந்தது ஸ்டூவர்ட்டின் நூறாவது பந்தயம். அவர் அதில் ஓட்டவில்லை. அதன் பிறகு எதிலும் ஓட்டவில்லை.

இப்போது சொல்லுங்கள். வில்லியம்சனுக்குத் 'தெரியுமா'? வண்டி கவிழலாம் என்று தெரிந்திருக்கும். கவிழ்ந்த பின் நல்ல உடம்போடு உள்ளே கிடக்கையில் ஒருவரும் வர மாட்டார் என்று தெரிந்திருக்குமா? முதல் ஆபத்தை அவர் ஏற்றுக்கொண்டார், ஒப்புகிறேன். இரண்டாவது ஆபத்து அவர் ஏற்றுக்கொண்டது அன்று. அது பிறர் அவர் தலையில் வைத்தது. நெல்லை நண்பரின் கிணற்றுக்கு வருகிறேன். குதித்தவன் நீரை எதிர்பார்த்துக் குதிக்கிறான். கிணறு வெட்டியவன் அடியில் கடப்பாரையை நட்டு வைத்திருந்தால் அதற்கும் குதித்தவனா பொறுப்பு?

சரி, ஓட்டுநர்களே கூடி முடிவு செய்யட்டுமே என்று சொற்போரில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அதையும் செய்து பார்த்தார்கள். 1976-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடம். மலைக்காட்டில் ஏறத்தாழ இருபத்துமூன்று கிலோமீட்டர். அவ்வளவு நீளத்துக்கும் தீயணைப்போரையும் மருத்துவரையும் நிறுத்த முடியாது, ஆகவே பந்தயத்தை விட்டுவிடுவோம் என்று உலக வாகையர் நிக்கி லாடா கூறினார். ஓட்டுநர்கள் வாக்கெடுத்தார்கள். ஒரே வாக்கில் லாடா தோற்றார் என்பர். ஆகஸ்டு 1-ஆம் நாள் இரண்டாவது சுற்றில் அவருடைய வண்டியே மோதித் தீப்பற்றியது. இழுத்து வெளியே போட்டவர்கள் மறுபடியும் சக ஓட்டுநர்களே: மெர்சாரியோ, எட்வர்ட்ஸ், லங்கர், எர்ட்டில் என நால்வர். மருத்துவமனையில் பாதிரியார் வந்து இறுதிச் சடங்கு செய்துவிட்டுப் போனார். ஆறு வாரத்தில் லாடா எழுந்து வந்து இத்தாலியில் நான்காவதாக வந்தார் என்பது வேறு கதை.

போட்டியிடுபவர்களிடம் போட்டியை நிறுத்தலாமா என்று வாக்குக் கேட்பது, பசித்தவர்களிடம் பந்தியை ஒத்திவைக்கலாமா என்று கேட்பது போல. 'நான் பயப்படுகிறேன்' என்று எந்த இளைஞன் எழுந்து நின்று சொல்வான்? சொன்னால் அடுத்த ஆண்டு அவன் இருக்கைக்கு வேறொருவன் காத்திருக்கிறான். தேர்வுக்கு முன் இரவு விடுதியில் நம்மவர்கள் 'எனக்கொன்றும் தூக்கம் வரவில்லை' என்று சொல்லிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

ஓட்டுநர் தம் நலத்தைத் தாமே மறுப்பதும் உண்டு. அதனையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பந்தயங்களில் 2000 மே முதல் 2001 பிப்ரவரி வரை ஒன்பது திங்களுக்குள் நான்கு ஓட்டுநர்கள் ஒரே வகையில் மாண்டனர். வண்டி சட்டென்று நிற்க, உடல் வாரில் நிற்க, தலை மட்டும் முன்னே பாய, மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்தது. நான்காமவர் டேல் எர்ன்ஹார்ட். அந்நாட்டில் அவர் பெயரை அறியாதார் இலர். தலைக்கவசத்தைத் தோளோடு பிணைக்கும் ஒரு கருவியை ராபர்ட் ஹப்பர்ட் என்னும் பேராசிரியர் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே செய்து வைத்திருந்தார். எர்ன்ஹார்ட் அதை விரும்பவில்லை. கட்டாயம் என்ற விதி அவ்வாண்டு அக்டோபரில்தான் வந்தது. பேராசிரியரின் கருவி கடையில் இருந்தது. விதி மட்டும் இல்லை.

அவ்வாறே, ஓட்டுநரின் தலைக்கு மேலே டைட்டானியத்தால் ஒரு வளையம் வைக்க வேண்டும் என்று 2018-இல் விதி வந்தபோது எத்தனை எதிர்ப்பு! செருப்பு வார் போல் இருக்கிறது என்றார்கள். தீயில் வெந்து மீண்ட லாடாவே அது பந்தய வண்டியின் இயல்பைக் கெடுக்கிறது என்றார்! ரோமன் குரோஷான் என்னும் பிரெஞ்சு ஓட்டுநரும் அதை எதிர்த்தவர். 2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைனில் குரோஷானின் வண்டி இரும்புத் தடுப்பைப் பிளந்துகொண்டு நுழைந்து, இரண்டாக முறிந்து, தீப்பிழம்பாயிற்று. ஏறத்தாழ இருபத்தெட்டு நொடியில் அவர் தீயினூடே ஏறி வெளியே வந்தார். கைகள் வெந்திருந்தன, தலை தப்பியது. தடுப்பைத் தாங்கி அதைக் காத்தது அந்த வளையம். அந்த வளையம் இல்லையேல் இன்று தாம் இல்லை என்று அவரே மருத்துவமனையிலிருந்து சொன்னார். 1973-ஐயும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கே மருத்துவ வண்டி பந்தய வண்டிகளின் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. நொடிகளில் மருத்துவர் இறங்கி நின்றார். இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் சிட் வாட்கின்ஸ் என்னும் மூளை அறுவை மருத்துவரின் நீண்டகால உழைப்பு இருக்கிறது. பதக்கம் பெறுவதற்குரிய பர்லி ஒருவர் அன்று தேவைப்படவில்லை.

இமோலாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நண்பர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். 1994-க்கு முன் பன்னிரண்டு ஆண்டுகள் அந்நிலைப் பந்தயங்களில் சாவு இல்லை. 'இனிச் சாவே இல்லை' என்றொரு மயக்கம் பரவியிருந்தது. ஏப்ரல் 30 சனிக்கிழமை ராலண்ட் ராட்சன்பெர்கர் மாண்டார். மே 1 ஞாயிறன்று அயர்ட்டன் சென்னா. ஞாயிறு காலையில்தான் சென்னா மற்ற ஓட்டுநர்களோடு பேசி, கலைந்து கிடந்த ஓட்டுநர் சங்கத்தை மீண்டும் எழுப்ப வேண்டும் என்று கூறியிருந்தார். அவர் மோதியது தம்புரெல்லோ என்னும் வளைவில். அதே வளைவில் 1989-இல் கெர்ஹார்ட் பெர்கரின் வண்டி மோதி எரிந்தது. தீயணைப்போர் நொடிகளில் ஓடிவந்து காத்தனர். பின்னர் சென்னாவும் பெர்கரும் அங்கே நடந்து போய், சுவரை இன்னும் தள்ளி வைக்க இயலுமா என்று பார்த்தார்கள். சுவருக்குப் பின்னால் ஆறு ஓடுகிறது! சுவரை நகர்த்த இயலாது என்று இருவரும் திரும்பிவிட்டார்கள். சென்னா இறந்த மறு ஆண்டு, அந்த வளைவில் வேகத்தை அடக்கும்படி பாதையையே மாற்றி அமைத்தார்கள். ஆறு இருந்த இடத்தில்தான் இருந்தது. எவரும் அதை நகர்த்தவில்லை.

வழக்கும் நடந்தது. 1997-இல் அனைவரும் விடுதலை. மேல்முறையீடுகளுக்குப் பின் 2007-இல் இத்தாலியின் உச்ச நீதிமன்றம், ஸ்டியரிங் தண்டு சரிவர மாற்றி அமைக்கப்படாததற்குக் குழுவின் தொழில்நுட்பத் தலைவர் பாட்ரிக் ஹெட் பொறுப்பு என்றது; ஆனால் காலக்கெடு கடந்துவிட்டதால் தண்டனை இல்லை. பதின்மூன்று ஆண்டு கழித்துப் பொறுப்பு யாருடையது என்று சொன்னார்கள்! அது கூடாது என்பதல்ல என் கருத்து. ஆனால் நீதிமன்றத்தின் பொறுப்பு வேறு. நான் கேட்கும் பொறுப்பு வேறு. முன்னது செத்த பின் வருவது. பின்னது சனிக்கிழமையே வர வேண்டியது.

2014 அக்டோபர் 5. ஜப்பானின் சுசூகா. மழை, மங்கும் ஒளி. முன்பே சறுக்கிய ஒரு வண்டியைத் தூக்க டிராக்டர் ஒன்று தடத்தோரம் நின்றது. மஞ்சள் கொடிகள் இரட்டையாக அசைந்துகொண்டிருந்தன. ஜூல் பியாங்கி அந்த டிராக்டரில் மோதினார். அடுத்த ஆண்டு ஜூலையில் இறந்தார். உலகக் கூட்டமைப்பு அமைத்த குழு, கொடியைக் கண்டும் அவர் போதிய அளவு வேகத்தைக் குறைக்கவில்லை என்று எழுதியது. எழுதியது பொய்யில்லை. ஆனால் கொடிக்கு எல்லாரும் சிறிதளவே வேகம் குறைப்பது அந்நாளைய வழக்கம் என்பதும், அந்த வழக்கத்தை ஆண்டாண்டாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் விதி வகுப்போர் என்பதும் பொய்யில்லையே! அடுத்த ஆண்டே எல்லா வண்டிகளும் ஒரே அளவில் வேகம் குறைக்க வேண்டும் என்ற புதிய முறை வந்தது. அப்படியானால் முன்னைய முறை போதாது என்று அவர்களே ஒப்பியதாகாதா? எனினும் 2022-இல் அதே சுசூகாவில், அதே மழையில், தடத்தில் நின்ற மீட்பு வண்டி ஒன்றைக் கடந்து சென்ற பியர் காஸ்லி சினத்தால் கொதித்தார். பியாங்கியின் நாட்டவர் அவர். கொதிக்காமல் என் செய்வார்?

இவையெல்லாம் அயல்நாட்டுக் கதை என்று எண்ண வேண்டாம். இந்தத் தலைநகருக்கு அருகே நொய்டாவில் 2011 அக்டோபர் 30 அன்று இந்தியாவின் முதல் பெரும் பந்தயம் நடந்தபோது, அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் மாண்ட இருவருக்காக, அமெரிக்காவில் டான் வெல்டன், மலேசியாவில் மார்க்கோ சிமொன்செல்லி, எல்லாரும் எழுந்து அமைதியாக நின்ற பின்னரே வண்டிகள் புறப்பட்டன. நம் ஊருக்கு வருவோம். சோழவரத்தில் போர்க்கால விமானத் தளத்தில் பந்தயம் பார்த்ததைப் பெரியவர்கள் இன்னும் கதை கதையாகச் சொல்கிறார்கள். பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடமே எழுந்தது. அங்கே 2023-இல் இரு சாவுகள். ஜனவரியில் இறந்தவர் ஐம்பத்தொன்பது வயதினர். பல்லாண்டு ஓட்டிப் பழகியவர். ஆகஸ்டில் இரு சக்கர வண்டிப் பந்தயத்தில் இறந்தது, பெங்களூரிலிருந்து வந்த ஒரு சிறுவன். வயது பதின்மூன்று.

நெல்லை நண்பரே, இங்கே உங்கள் 'தெரியும்' என்ன ஆகிறது? பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒரு கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டால் சட்டம் அதைச் செல்லாது என்கிறது. அவன் உயிரைப் பணயம் வைத்து இட்ட கையெழுத்து மட்டும் செல்லுமா? யார் மீதும் நான் குற்றம் சாட்டவில்லை. விபத்தின் காரணங்களை ஆராய்வது அறிந்தோர் வேலை. ஐரோப்பாவிலும் 2021-இல் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் பந்தயத்தில் மாண்டார்கள். அதன் பின் உலகச் சங்கம் வயது வரம்பை உயர்த்தியது. வரம்பு என்பது பிள்ளை தனக்குத்தானே வகுத்துக்கொள்வதன்று. பெரியவர்கள் வகுத்துக் கொடுப்பது.

2024 ஆகஸ்டு இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயம் நடந்தது நினைவிருக்கும். உலகக் கூட்டமைப்பின் தடச் சான்றிதழ் கிடைத்த பின்னரே வண்டிகள் ஓட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட, சான்றிதழுக்காக எல்லாரும் காத்திருந்தார்கள். விடுதியில் கைபேசியைச் சுற்றி அமர்ந்திருந்த நம்மவர்கள் 'இதென்னடா முட்டுக்கட்டை!' என்று அலுத்துக்கொண்டார்கள். அந்தச் சொல்லேதான்! எனக்கோ அந்தக் காத்திருப்பு பந்தயத்தைவிடப் பிடித்திருந்தது. இதைச் சொன்னதற்காக அன்று எனக்குத் தேநீர் கொடுக்க மறுத்தார்கள்.

பந்தயமே கூடாது என்பவன் அல்லன் நான். ஆபத்து முற்றும் நீங்கிவிடும் என்று நம்புகிற பேதையும் அல்லன். ஓட்டுநர் தவறினால் அதன் பயனை ஓட்டுநர் ஏற்கட்டும். ஆனால் அவருடைய தவறு எவ்வளவு பெரிய தண்டனை பெற வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறவர்கள் வேறு. மரத்தை வெட்டலாமா, தடுப்பு வைக்கலாமா, கொடி எப்போது, நிறுத்துவது எப்போது என்று முடிவு செய்கிறவர்கள். அவர்கள் வேகமாக ஓடவில்லை, நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள், நிதானமாக எண்ணிப் பார்க்க அவர்களுக்கு நேரம் இருக்கிறது. நேரம் இருப்பவரிடமே நான் பொறுப்பை வைக்கிறேன்.

கடைசியாக, நம் வீட்டுச் செய்தி ஒன்று. நம் சங்க உறுப்பினர் நால்வர் இயந்திரவியல் துறை மாணவர் குழுவில் சேர்ந்து ஒரு சிறு பந்தய வண்டி செய்து வருவது எல்லாருக்கும் தெரியும். சென்ற திங்கள் பணிமனைக்குப் பின்னாலுள்ள திடலில் அதனை ஓட்டிப் பார்த்தபோது நானும் போயிருந்தேன். மூன்றாவது சுற்றில் என்ஜின் பக்கமிருந்து புகை வந்தது. ஓட்டிய தம்பி இறங்கி ஓடினான். தீயணைப்புக் கருவி எங்கே என்று கேட்டோம். பண்டக அறையில் இருக்கிறது என்றார்கள். அறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். ஒருவன் ஓடிப்போய் அழைத்து வருவதற்குள் மணலை அள்ளிப் போட்டோம். வெறும் எண்ணெய்ப் புகைதான், தானே அடங்கிற்று. எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அறைக்குத் திரும்பியபோதுதான் சான்ட்வூர்ட் நினைவுக்கு வந்தது, அன்றிரவு உறங்கவில்லை.

அடுத்த நாள் குழுத் தலைவரான அண்ணனிடம் போய்க் கேட்டேன். "அடுத்த முறை கருவி வெளியே இருக்க வேண்டாமா, அண்ணா?" அவர் வண்டிக்கடியில் படுத்திருந்தபடியே, "அது பண்டகக் காப்பாளர் பொறுப்பு, தம்பி" என்றார். காப்பாளரைக் கேட்டேன். மாணவர் குழு எழுத்தில் கேட்டால் தருவேன் என்றார். பேராசிரியரைக் கேட்டேன். காப்பாளரிடம் சொல்லியிருக்கிறேனே என்றார். எழுத்தில் ஒன்று நானே எழுதிக் குழுத் தலைவரின் கையொப்பத்திற்காகக் கொடுத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வண்டி மறுபடியும் ஓடுகிறது. கையொப்பம் இன்னும் வரவில்லை. நெல்லை நண்பரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வரும்போது இரண்டு வாளி மணல் கொண்டுவர ஒப்புக்கொண்டிருக்கிறார்.